எரிமலை மேல் பழி போடலாமா?

கேள்வி: இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள ஹெர்ட் தீவில் மனிதர்கள் குடியிருக்கவில்லை; ஆலையோ வண்டியோ கிடையாது. அங்கேயும் பனியாறுகள் சுருங்குகின்றன என்று படித்தேன். அந்தத் தீவே ஓர் எரிமலையாமே! அப்படியானால், எரிமலைச் சூட்டில்தானே பனி உருகுகிறது?

பதில்: நியாயமான சந்தேகம்தான். தீவின் பெரும்பகுதி 'பிக் பென்' என்ற எரிமலை. அதன் உச்சியான மாசன் சிகரம் 2,745 மீட்டர். 2016இல் அந்தப் பக்கம் போன ஆய்வுக்கப்பலில் இருந்தவர்கள், லாவாக் குழம்பு பனியின் மேல் வழிவதை நேரிலேயே பார்த்தார்கள். ஆனாலும் பழி எரிமலையைச் சேராது.

லாவா தொட்ட இடத்தில் பனி உருகும், உண்மைதான். ஆனால் அது உச்சியை ஒட்டிய சிறு பகுதி. பெரிய இழப்பு கீழே, கடலோரத்தில். 1947இல் ஸ்டீஃபன்சன் பனியாறு கடல்வரை இறங்கியிருந்தது. 2019க்குள் அதன் முனை கிட்டத்தட்ட 6 கி.மீ. பின்வாங்கிவிட்டது, பனி கிடந்த இடத்தில் இப்போது காயல், அதில் உடைந்த பனிக்கட்டிகள் மிதக்கின்றன. பிக் பென்னிலிருந்து விலகி நிற்கும் லாரன்ஸ் தீபகற்பத்திலும் பனி இளைக்கிறது. பக்கத்துக் கெர்கெலன் தீவின் குக் பனிக்கவிகையும் அப்படியே.

எல்லா இடத்துக்கும் பொதுவானது காற்றின் வெப்பம். அதே காலத்தில் ஹெர்ட் தீவில் அது சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கடலோரப் பனி எப்போதும் உருகுநிலையை ஒட்டியே இருப்பது. கொஞ்சம் சூடு ஏறினால் போதும், பனியாக விழவேண்டியது மழையாக விழும். வரவும் குறையும், செலவும் கூடும். எரிமலைச் சாம்பலுக்கும் சிறு பங்கு உண்டு: மெல்லிய படலமாகப் படிந்தால் பனி கறுத்து வெயிலை அதிகம் வாங்கும், தடிமனாகப் படிந்தால் அதுவே போர்வையாகிப் பனியைக் காக்கும்.

எனக்குப் பெருங்கவலை வேறு. எலி, பூனை என்று மனிதர் கொண்டுவந்த பாலூட்டி எதுவும் காலூன்றாத அரிய தீவு இது. கரையோர நிலத்துண்டுகளுக்கு நடுவே பனியாறுகள் மதிலாக நின்றன. மதில் விலக விலக, ஒரு கரையில் எலி இறங்கினாலும் தீவு முழுக்கப் பரவிவிடும். தரையில் முட்டையிடும் கடற்பறவைகளுக்கு அதோடு முடிந்தது. அங்கே போகும் ஆய்வாளர்கள் காலணியில் ஒட்டிய விதையைக்கூடச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கரையேற வேண்டும்.