கல்லா லேப்டாப் கொதிக்கிறதா? ஃபேன் மாற்றும் முறை அறிவோம்



கடன் நோட்டும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று லேப்டாப் அமர்ந்திருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபின், சிறிய மளிகைக் கடைகளிலும் அது இன்றியமையாத பொருளாகிவிட்டது. மின்சாரம் போனாலும் பில் போடலாம் என்பதே பலர் இதை விரும்பக் காரணம். ஆனால் கத்திரி வெயிலில், மாலை வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் அது தானாக அணைந்துவிட்டால் என்ன செய்வது? மாதாமாதம் கணக்குக் கொடுப்போருக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று கெடு வேறு இருக்கிறது. "போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு ஃபேன் மட்டுமே பழுதாகியிருக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

லேப்டாப்பின் மூளையான பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகிறது. அதன்மேல் ஒரு செம்புத் தகடும், அதிலிருந்து தட்டையான செம்புக் குழாயும் செல்கின்றன. குழாய்க்குள் சிறிதளவு திரவம் உண்டு. சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. இவ்வகைக் குழாயை 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கினார். குழாயின் மறுமுனையில் சீப்புப் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் இருக்கும். ஃபேன் அவற்றின் வழியே காற்றைத் தள்ளிச் சூட்டை வெளியேற்றும்.

நம் கடை ஃப்ரிட்ஜின் பின்புறம் தூசி அடைந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடுவதை அறிவோம். இங்கும் அதே கதைதான். மிளகாய்த் தூள், மைதா, தவிடு, சாக்குத் தூசி, மாலையில் போடும் சாம்பிராணிப் புகை எல்லாம் அந்தப் பற்களில் படிகின்றன. காட்டுப்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி சாலையோரக் கடைகளுக்குச் சாலைப் புழுதியும் சேர்கிறது. சூடு 95 முதல் 105 டிகிரி செல்சியஸை நெருங்கினால், பெரும்பாலான பிராசஸர்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் அணைந்துவிடும்.

திறக்கும் முன் சோதனை

அரைமணி நேரம் வேலை வாங்கிய பிறகு காற்று வெளிவரும் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள்.

1. சூடான காற்று வேகமாக வந்தால் ஃபேன் நலமே.
2. ஃபேன் இரைகிறது, காற்று குறைவு என்றால் தூசி அடைப்பு.
3. உடல் கொதிக்கிறது, காற்றே இல்லை, அல்லது கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் ஃபேன் பழுது.
4. காற்று நன்றாக வருகிறது, ஆனால் அதில் சூடு இல்லை. உடல் மட்டும் கொதிக்கிறது என்றால் பிராசஸருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

இரண்டாவதுக்குச் சுத்தம் செய்தாலே போதும். மூன்றாவதுக்குத்தான் புது ஃபேன் வேண்டும்.

வாங்கும்போது

லேப்டாப்பின் அடியிலுள்ள மாடல் எண்ணுடன், பழைய ஃபேன்மேல் அச்சிட்டுள்ள எண்ணையும் குறித்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குச் செல்லலாம். வோல்ட் அளவு, ஒயர்களின் எண்ணிக்கை, பிளக்கின் வடிவம், ஸ்க்ரூ துளைகள் நான்கும் ஒத்திருக்க வேண்டும். "பார்க்க ஒரே மாதிரி" என்பது போதாது.

மாற்றும் முறை

முதலில் கணக்குகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். இயந்திரம் போனால் இன்னொன்று வாங்கலாம். யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் போனால் எங்கே வாங்குவது?

பிறகு முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றும் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முடுக்கினால் போர்டு சேதமாகும். மூடியைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் மெல்ல நெம்புங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பல மாடல்களில் ஃபேன் தனியாக வரும். அப்படியானால் செம்புத் தகட்டைத் தொட வேண்டாம். தகட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், ஸ்க்ரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, ஓர் அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். இரு உலோகங்களுக்கிடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவதே அதன் வேலை. கிரீஸும் பற்பசையும் இதற்கு மாற்று ஆகா. அருகிலுள்ள ரப்பர் போன்ற பட்டைகளை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் அது கெடும்.

வரும் முன் காப்போம்

லேப்டாப்பைச் சாக்கின்மேலோ துண்டின்மேலோ வைக்காமல், இரண்டு விரல் உயரக் கட்டையின்மேல் வையுங்கள். மாவு, மிளகாய்த் தூள் நிறுக்கும் தராசிலிருந்து விலக்கி வையுங்கள். இயங்கும்போது பிளாஸ்டிக் உறை போட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

வாரன்டி உள்ள இயந்திரத்தைத் திறக்காமல் நிறுவனத்திடமே கொடுங்கள். வெளியே பழுது பார்க்கக் கொடுத்தால், முடிந்தவரை உடனிருங்கள். பழைய ஃபேனைக் கேட்டு வாங்குங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். கல்லாச் சாவியை நாம் எவரிடமும் விட்டுவிட்டு வருவதில்லை. இதுவும் கல்லாச் சாவிதான்.