உறங்காத காவல்

நெடுநாள் பிணியுற்றார்க்குப் பகலினும் இரவே கொடிது. கண்ணயர்ந்தால் தீக்கனா, விழித்தால் அச்சம். அவர்க்குப் பெரியாழ்வார் திருமொழியில் 5ஆம் பத்தின் 2ஆம் திருமொழி உற்ற துணையாகும்.

நெய்க்குடத்தில் ஏறும் எறும்புகள்போல் உடலெங்கும் பரவிய நோய்களை ஆழ்வார் அகன்றுபோகச் சொல்கிறார். எம்பெருமான் அரவணையோடும் அவ்வுடலிற் புகுந்து பள்ளிகொண்டான் என்பதே காரணம். 9ஆம் பாசுரத்தில் அவர் தமக்கு உறக்கம் வேண்டவில்லை; ஆழி, சங்கு, வாள், வில், தண்டு, பெரிய திருவடி, எட்டு லோகபாலர் ஆகியோரை உறங்காது பள்ளியறையைக் காக்கப் பணிக்கிறார்.

ஆகவே, நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கும் அடியார் தனித்து விழித்திருப்பவரல்லர்; தம்மைக் காக்கும் பொறுப்பும் தம்முடையதன்று. எழுந்து அமர இயலாதவரும் கிடந்தபடியே இப்பாசுரத்தை மனத்தால் அநுஸந்திக்கலாம். சில மருந்துகளாலும் தீக்கனா வருமாதலின், மருத்துவரிடம் அதனைத் தெரிவித்தல் வேண்டும். அது எம்பெருமான் காவலை ஐயுறுவதாகாது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.