பூட்டிய வீடுகளின் நகரம்

நுழையும்முன்

மாநாடுகளும் தீர்மானங்களும் போர்களும் நாட்டு வரலாற்றில் இடம்பெறுகின்றன. அதே நாள்களில் ஒரு தெருவில் வாழ்ந்தவர்கள், நாளைக்கு அரிசி கிடைக்குமா, தொடர்வண்டியில் இடம் கிடைக்குமா, பூட்டிய வீட்டை யார் பார்த்துக்கொள்வார் என்று கவலைப்பட்டிருப்பார்கள். 1942ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரத்துத் தெருக்கள் அடைந்த கலக்கத்தையும், அது நாட்டு விடுதலை பற்றிய விவாதத்தோடு இணைந்த விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

தில்லியும் தெருவும்

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரித்தானிய அமைச்சர் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் தில்லிக்கு வந்தார். போர் முடிந்தபின் இந்தியாவுக்கு டொமினியன் தகுதி வழங்கப்படும் என்பது அவர் கொண்டுவந்த திட்டம். தலைவர்கள் கூடினர்; கடிதங்கள் மாறின; செய்தித்தாள்கள் நாள்தோறும் பேச்சுவார்த்தையின் போக்கை ஆராய்ந்தன. நாட்டின் பாதுகாப்பு யார் பொறுப்பில் இருப்பது என்னும் சிக்கலில் பேச்சு தடுமாறியது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அது முறிந்தது.

பாதுகாப்பு யார் பொறுப்பு என்னும் அதே வினா, அதே வாரத்தில் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் வேறு சொற்களில் எழுந்தது. குண்டு விழுந்தால் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி.

சென்னை மக்களுக்குப் போர் அதுவரை செய்தித்தாளில் படிக்கும் செய்தியாகவே இருந்தது. 1939இல் இந்திய மக்களைக் கேளாமலே இந்தியாவும் போரில் ஈடுபட்டதாக அரசப் பிரதிநிதி அறிவித்தார். அதைக் கண்டித்து மாகாணங்களின் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. இராஜாஜி தலைமையில் இயங்கிய சென்னை அமைச்சரவையும் அவற்றுள் ஒன்று. அதன்பின் மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியின்கீழ் வந்தது. வாக்களித்த மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட அமைச்சர் எவரும் இல்லாத நிலையிலேயே, போர் வங்கக் கடலின் கரைக்கு வந்து சேர்ந்தது.

நெருங்கி வந்த போர்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சு 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது. இவ்விரு பெயர்களும் தமிழகத்துத் தெருக்களுக்கு அயலானவை அல்ல. மலாயாத் தோட்டங்களிலும் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் உழைத்தவர்கள், பர்மாவில் வட்டிக்கடை நடத்தியவர்கள், இரங்கூனில் மூட்டை சுமந்தவர்கள் எனப் பல குடும்பங்களின் பிழைப்பு அங்கேதான் இருந்தது. கடிதங்கள் நின்றன. பணவிடைகள் நின்றன. பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து அசாம் வழியாக நடந்தே வந்தவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். உயிரோடு ஊர் சேர்ந்தவர்கள் சொன்னவற்றைக் கேட்ட பிறகு, அரசின் ஆறுதல் அறிக்கைகளை நம்புவது அரிதாயிற்று.

ஏப்ரல் 5, ஈசுட்டர் ஞாயிறு. சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அவ்விரண்டும் அன்று சென்னை மாகாணத்துத் துறைமுகங்கள். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதே நாள்களில் மூழ்கடிக்கப்பட்டன. தெற்கே இரண்டு துறைமுகங்கள், வடக்கே இரண்டு துறைமுகங்கள், இடையில் சென்னை. அடுத்த குண்டு எங்கே விழும் என்று கணக்கிடப் போர்க்கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

சென்னைக்கு இத்தகைய அச்சம் முதல்முறை அன்று. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் கடலிலிருந்து நகரத்தைக் குண்டுகளால் தாக்கியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கப்பல் சில நிமிடங்களில் போய்விட்டது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. மிகவும் துணிந்தவரையும் சாமர்த்தியக்காரரையும் 'எம்டன்' என்று அழைப்பது பேச்சுவழக்கில் இன்றும் உண்டு.

போகலாம் என்றவர்களும் இருக்க வேண்டியவர்களும்

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், நகரத்தில் இருந்தாக வேண்டிய பணி இல்லாதவர்கள் வெளியேறிவிடுவது நல்லது என்று அரசு அறிவுறுத்தியது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. மூர் மார்க்கெட்டை அடுத்த பூங்காவில் மாநகராட்சி நடத்திவந்த விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த சிங்கம், புலி முதலிய கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அரசே இவ்வளவு அஞ்சுகிறது என்றால் நிலைமை எத்தகையது என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. அமைதியாக இருங்கள் என்று அச்சிட்ட அறிக்கையைக் காட்டிலும் பூங்காவில் கேட்ட துப்பாக்கி ஒலி உரக்கப் பேசியது.

1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,77,000. அவர்களுள் பெரும்பகுதியினர் சில நாள்களில் வெளியேற முனைந்தபோது எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. இரும்புப் பெட்டிகளும் படுக்கைச் சுருள்களும் பித்தளைப் பாத்திரங்கள் நிறைந்த கோணிகளும் நடைமேடைகளில் குவிந்தன. தொடர்வண்டியில் இடம் பெறாதவர்கள் மாட்டு வண்டி தேடினர். வண்டி வாடகை உயர்ந்தது. வண்டியும் கிடைக்காதவர்கள் நடந்தனர். நகரத்தில் வீட்டு வாடகை சரிந்தது. வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. உள்நாட்டு ஊர்களிலோ ஒற்றை அறைக்கும் போட்டி எழுந்தது. பிறந்த ஊரில் ஓடு மாற்றாமல் விட்ட பழைய வீடு சிலருக்குத் திடீரென்று அரண்மனையாயிற்று.

யாருக்குப் 'போகலாம்' என்று சொல்லப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. சொந்த ஊரில் நிலமோ வீடோ உறவோ உடையவர், சில மாதங்கள் வருவாய் இன்றி வாழும் வசதி உள்ளவர், ஓய்வூதியம் பெறுபவர் ஆகியோர் போக முடிந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர், பெரம்பூர் ஆலைத் தொழிலாளி, டிராம் வண்டி ஓட்டுநர், குடிநீர்க் குழாயைத் திறந்து மூடுபவர், தெருவைப் பெருக்கிக் கழிவு அகற்றுபவர் ஆகியோர் நகரத்துக்கு இன்றியமையாதவர் என்று கருதப்பட்டனர். அதுவரை தெருவில் எவரும் பெயர் சொல்லி அழைத்திராத மனிதர்களுக்கு 'இன்றியமையாதவர்' என்னும் பட்டம் ஒரே வாரத்தில் கிடைத்தது. அதற்குரிய கூலி உயர்வோ, குண்டு விழுந்தால் ஒதுங்கக் கல் வீடோ அப்பட்டத்துடன் வரவில்லை. கடற்கரையை ஒட்டி வாழ்ந்த மீனவர்க்கோ இரண்டு பக்கமும் இடர்: கடலுக்குப் போனால் போர்க்கப்பல், போகாவிட்டால் பட்டினி.

போனவர்களைக் கோழைகள் என்று பழிப்பதும் தகாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் இருப்பவர், காக்க யாரும் இல்லை என்று தெரிந்தபின் வேறு என்ன செய்திருக்க முடியும்? எனினும் ஒரு தெருவில் பத்து வீடுகள் பூட்டப்பட்டால் எஞ்சிய வீடுகளின் வாழ்வும் மாறிவிடுகிறது. வாடிக்கை வீடுகள் பூட்டப்பட்ட பால்காரர் கறந்த பாலை என்ன செய்வார்? சில்லறைக் கடையின் கடன் கணக்கேட்டில் உள்ள பெயர்கள் ஊரில் இல்லை என்றால் கடைக்காரர் சரக்கு எடுக்க எங்கே போவார்? மாதக் கூலிக்குப் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கு அடுத்த மாதம் யார் கூலி தருவார்? இத்தகைய கேள்விகளுக்கு அரசு அறிக்கை எதிலும் விடை இல்லை.

இருந்தவர்கள் செய்தவை

இருந்தவர்கள் தெருவைக் கைவிடவில்லை. வான் தாக்குதல் பாதுகாப்புக்கென ஏ.ஆர்.பி. என்னும் அமைப்பு அரசால் ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதன் வார்டன்கள் வட்டாரம் வட்டாரமாகப் பணியாற்றினர். இரவில் எந்தச் சன்னலிலிருந்தும் வெளிச்சம் கசியக் கூடாது. தெருவிளக்குகளுக்கு மூடி போடப்பட்டது. கண்ணாடிகளில் காகிதப் பட்டைகள் ஒட்டப்பட்டன. திடல்களில் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும், ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் சங்கு எப்படி ஒலிக்கும் என்று சிறுவர்களும் அறிந்திருந்தனர். மண் நிரப்பிய வாளி வீட்டு வாசலில் இருக்க வேண்டும் என்னும் விதியால், கோலமிடும் வாசலில் கோலத்தோடு வாளியும் சேர்ந்துகொண்டது.

பூட்டிய வீடுகளின் திறவுகோல்கள் இருந்தவர்களிடமே தங்கின. துளசி மாடத்துக்கு நீர் ஊற்றுவது, வரும் அஞ்சலை வாங்கி வைப்பது, இரவில் ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்ற கடமைகளைச் சட்டம் எதுவும் விதிக்கவில்லை. அண்டை வீட்டார் என்னும் உறவே விதித்தது.

தெருவிலிருந்து தீர்மானத்துக்கு

மக்கள் இவ்வாறு தவித்த காட்சி அரசியலில் நேரடியாக எதிரொலித்தது. 1942 ஏப்ரல் 23 அன்று சென்னைச் சட்டமன்றக் காங்கிரசு உறுப்பினர்கள் இராஜாஜியின் முயற்சியால் கூடி இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றினர். முசுலிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று அதனோடு உடன்பாடு காண வேண்டும் என்பது ஒன்று. சென்னை மாகாணத்தில் மக்களுக்குப் பொறுப்பான அரசு மீண்டும் அமைய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் தீர்மானம் நாடெங்கும் பெரும்புயலைக் கிளப்பியதால் இரண்டாவது தீர்மானம் பலர் நினைவில் நிற்கவில்லை. ஆயினும் சென்னைத் தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கியிருக்கும். பகைவன் வாயிலில் நிற்கும்போது, மக்களால் கேள்வி கேட்கப்படக்கூடிய அமைச்சர்கள் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரசுக் குழு இராஜாஜியின் கருத்தை மறுத்தது. காந்தியடிகள் வேறு முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். தன் குடிகளைக் காக்க இயலாத ஆட்சிக்கு இங்கே இருக்க என்ன உரிமை என்பது அவர் பக்கத்தின் வாதம். ஒரே நிகழ்வைக் கண்ட இருவருள் ஒருவர், ஆட்சியில் பங்கேற்று மக்களைக் காக்க வேண்டும் என்றார். மற்றவர், அந்த ஆட்சியே நீங்க வேண்டும் என்றார். இராஜாஜி காங்கிரசை விட்டு விலகினார். ஆகஸ்டு 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன்பே தலைவர்கள் சிறைப்பட்டனர்.

அதற்குள் சப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலை விட்டுத் திரும்பியிருந்தது. வெளியேறியவர்களுள் பலர் சென்னைக்குத் திரும்பிப் பூட்டுகளைத் திறந்துகொண்டிருந்தனர். திரும்பியவர்களை வரவேற்றவை, மறியல் செய்த மாணவர்களும் தடியடியும் ஊரடங்கிய மாலைகளும் ஆகும்.

அரிசியும் காலணாவும்

குண்டு வரவில்லை, பற்றாக்குறை வந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த மாகாணத்தில் இரங்கூன் வீழ்ந்த நாளே உலைப்பானையின் கணக்கு மாறிவிட்டது. அரிசி விலை ஏறியது, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. பெட்ரோல் இன்றி, பின்புறத்தில் கரி அடுப்பைச் சுமந்த கரிவாயுப் பேருந்துகள் ஓடின. மேட்டில் ஏற மறுத்தபோது பயணிகள் இறங்கித் தள்ளினர். சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு மிகுந்தது. செம்பைச் சிக்கனப்படுத்த 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் நகரத்தில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது அன்றாடப் பழக்கமாயிற்று. வெளியேறித் திரும்பியவரும் வெளியேறாமல் இருந்தவரும் அந்த வரிசையில் அடுத்தடுத்து நின்றனர்.

1943 அக்டோபரில் சப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசிச் சென்றது. பதினெட்டு மாதங்களுக்கு முன் நகரத்தையே கலைத்த அச்சம் அப்போதுதான் உண்மையாயிற்று. ஆனால் இம்முறை தொடர்வண்டி நிலையங்களை நோக்கி நகரம் ஓடவில்லை. அதே மாதம் பெய்த பெருமழையில் கூவம் கரைபுரண்டு தாழ்வான தெருக்களுக்குள் புகுந்திருந்தது. மக்கள் வீட்டுக்குள் வந்த நீரை இறைத்துக்கொண்டிருந்தனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் வாழும் முதியோரிடம், புயல், வெள்ளம், கலவரம், பொது முடக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின்போது வெளியேறியவர் யார், இருந்தவர் யார், காரணம் என்ன என்று கேட்டு எழுதுக.

2. 'ஆட்சியில் பங்கேற்று மக்களைக் காத்தல்', 'ஆட்சியையே நீங்கச் சொல்லுதல்' ஆகிய இரு நிலைப்பாடுகளை, 1942இல் சென்னையில் வாழ்ந்த ஒரு துறைமுகத் தொழிலாளியின் நோக்கில் நின்று வகுப்பறையில் விவாதிக்க.