“நான் நலம்” என்று எழுதிய கை

இவ்வாரக் குடும்பப் பாடம்: போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வாசிப்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் தீவுப் பங்கொன்றில் பூசை முடித்து வெளியே வந்தேன். வயது முதிர்ந்த தாய் ஒருவர் காத்திருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை அவிழ்த்து என் கையில் தந்தார். போர்க்காலத்தில் அவருடைய மகன் எழுதிய கடிதம் அது. ஏழெட்டு வரிகளே இருந்தன. தான் நலமாக இருப்பதாகவும், அம்மாவின் கால்நோவுக்கு எண்ணெய் பூசும்படியும், தங்கச்சி படிப்பை விடக்கூடாது என்றும் எழுதியிருந்தான். அதன்பின் கடிதமும் வரவில்லை, அவனும் வரவில்லை.

“தன்னைப்பற்றி ஒண்டுமே எழுதேல்லை, சுவாமி. இதை இன்னும் வைச்சிருக்கிறதோ, எரிச்சுப் போடுறதோ?” என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

1. அரசனுக்கு எழுதிய போர்வீரன்

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்று காரைநகர்ப் பக்கம் பார்த்தால் நீரின் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் குடிநீர் இன்றிச் சரணடைந்தார்கள். சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருந்து பழகிய தீவு மக்களுக்கு அந்த நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது.

அந்தக் காலப் போர்வீரர் சிலர் தாம் கண்டதை எழுதி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் யுவான் றிபெய்றோ. 1640இல் இளம் வயதில் இலங்கைக்கு வந்து, போர்த்துக்கேயரின் ஆட்சி இங்கே முடியும்வரை ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் போர்வீரராக இருந்தார். தம் நூலை அவர் போர்த்துக்கல் அரசனுக்குச் சமர்ப்பித்தது 1685இல். எதிரணியில், ஒல்லாந்தக் கம்பனியின் சம்பளத்துக்குப் போரிட்ட யோகான் யாக்கோப் சார் என்ற ஜேர்மானியரும் தமது பதினைந்து ஆண்டுச் சேவையைப்பற்றி 1662இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். றிபெய்றோ எழுதியது அரசனுக்கு. அதுவும் எல்லாம் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து. ஆகவே இலங்கை ஏன் கைவிட்டுப் போயிற்று, யார் மேல் தவறு என்ற விசாரணையே அவர் எழுத்தில் மேலோங்கி நிற்கிறது. அதே மனிதர் இளவயதில் தம் தாய்க்கு எழுதியிருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார். ஆதலால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது யாருக்காக எழுதப்பட்டது?

2. வீட்டுக்கு எழுதிய கடிதம்

1914 செப்ரெம்பர் இறுதியில் இந்தியப் படையினர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கினார்கள். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இவ்விதம் அங்கே சென்றவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் பஞ்சாப் முதலிய வடபுலத்துக் கிராமத்தார். பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதுவிப்பார்கள். ஊரில் அதை யாராவது உரத்து வாசிக்க, அயலவரும் கூடியிருந்து கேட்பார்கள். நம் தீவுகளிலும் மலாயாவிலிருந்து வந்த கடிதத்தை வாத்தியாரிடம் கொண்டுபோய் வாசிப்பித்த காலம் ஒன்று இருந்ததல்லவா? பலர் காதில் விழப்போகும் கடிதத்தில் மனதிலுள்ளதை எல்லாம் எப்படிக் கொட்டுவது?

இதற்கும் மேலாகத் தணிக்கை அதிகாரி ஒருவர் இருந்தார். கடிதங்களைப் பிரித்து வாசித்து, முக்கியமானவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். இது தெரிந்த படையினர் மறைமொழியில் எழுதலானார்கள். கறுத்த மிளகு முடிந்து வருகிறது, இனிச் சிவந்த மிளகுதான் என்ற கருத்தில் ஒருவர் எழுதினார். கறுத்த மிளகு இந்தியப் படையினர், சிவந்தது வெள்ளையர். தம்மவர் பெருந்தொகையாக மடிகிறார்கள், ஊரிலிருந்து இனி எவரும் படையில் சேர வேண்டாம் என்பதே அதன் பொருள்.

விந்தை என்னவெனில், கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. தணிக்கை அதிகாரி எடுத்த பிரதிகளோ இலண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தவன் கையிலேயே அவை பிழைத்தன.

பிரித்தானியப் படையில் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றும் வழங்கிற்று. ‘நான் நலம்’, ‘நான் மருத்துவமனையில் இருக்கிறேன்’ என்ற கருத்துள்ள வரிகள் அதில் இருக்கும். தேவையற்றதை வெட்டிவிட்டுக் கையொப்பமும் திகதியும் இட வேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டையை அழித்துவிடுவார்கள். ஆயினும் அந்த அட்டைக்காகத் தாய்மார் வாசலில் காத்து நின்றார்கள். அதில் ஒரு செய்தி இருந்தது: அந்தத் திகதியில் மகன் உயிரோடு இருந்தான்.

3. தனக்கென எழுதிய நாட்குறிப்பு

நாட்குறிப்பின் இயல்பு வேறு. வீட்டாரைத் தேற்ற வேண்டிய கடமை அதற்கு இல்லை. பசி, சேறு, பயம், பக்கத்தில் இருந்தவனின் சாவு எல்லாம் அதில் இடம்பெறும். எதிரி கையில் அகப்பட்டால் இரகசியம் வெளியாகும் என்று பல படைகள் அதைத் தடைசெய்தன. தடையை மீறியும் எழுதினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் யப்பானியப் படையினர் பலர் நாட்குறிப்பு வைத்திருந்தார்கள். இறந்தவர்களின் உடைமைகளிலிருந்து எடுத்த அவற்றை, இராணுவத் தகவல் தேடி, அமெரிக்க அதிகாரிகள் வாசித்தார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் யப்பானிய இலக்கிய அறிஞராகப் புகழ்பெற்ற டொனால்ட் கீன். சில நாட்குறிப்புகளின் இறுதியில், இதைக் கண்டெடுப்பவர் போர் முடிந்தபின் என் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கவும் என்ற வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. எதிரியே வாசிப்பான் என்று தெரிந்து எழுதிய வரி அது. கீன் அவற்றைத் திருப்பிக் கொடுக்க எண்ணி வைத்திருந்தார். ஆனால் அவை அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1990இல் மாங்குளம் இராணுவ முகாம் தாக்குதலுக்குச் சென்ற விடுதலைப் புலிப் போராளி மலரவன், அந்தப் பயண அனுபவத்தை எழுதி வைத்தார். 1992இல் அவர் களத்தில் இறந்தார். எழுத்து ‘போர் உலா’ என்ற நூலாயிற்று. 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் சண்டை மட்டும் இல்லை. வழியில் கண்ட காடும் கிராமமும் ஏழை மக்களின் பாடும் இருக்கின்றன. அவருடைய இயக்கத்தைப்பற்றி வாசகர் எக்கருத்துக் கொண்டவராயினும், இளைஞன் ஒருவன் எதைப் பார்த்தான், எதை நினைத்தான் என்பதை அவன் கைப்பட அறிய முடிகிறது.

4. நம் வீட்டுக் காகிதங்கள்

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. போர்க்காலத்தில் சோதனைக்குப் பயந்து கடிதங்களையும் படங்களையும் எரித்தவர்கள், மண்ணில் புதைத்தவர்கள் நம்மிடையே பலர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. உயிருள்ள பிள்ளைகளைக் காக்கவே அப்படிச் செய்தார்கள். எஞ்சியவை இன்றும் றங்குப் பெட்டியில், செபப் புத்தகத்தின் இடையில் இருக்கின்றன. இத்தீவுகளில் முகாமிட்டிருந்த தென்னிலங்கைச் சிப்பாய்களும் தம் தாய்மாருக்கு எழுதியிருப்பார்கள். அங்கும் ஒரு பழைய பெட்டியில் அப்படி ஒரு காகிதம் இருக்கலாம்.

அவற்றை வைத்திருப்போர் இவற்றைக் கவனியுங்கள்:

அ. தீவுகளின் உப்புக்காற்றும் ஈரமும் கறையானும் காகிதத்துக்குப் பகை. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். நாளடைவில் அது எழுத்தையே தின்றுவிடும்.

ஆ. யார், யாருக்கு, எப்போது, எங்கிருந்து எழுதியது என்பதை வேறு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

இ. ஒரு படம் எடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வையுங்கள்.

ஈ. கடிதத்தில் பிறர் பெயர் இருந்தால் அவர்களைக் கேளாமல் வெளியாருக்குக் காட்ட வேண்டாம்.

உ. ஒரு நாள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து உரத்து வாசியுங்கள். போரைப் புகழ்வதற்காக அல்ல. அந்தக் கடிதம் எழுதியவனுக்கு என்ன வயது என்று உங்கள் பிள்ளைகள் கணக்குப் பார்க்கட்டும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: “ஆச்சி, எரிக்க வேண்டாம். தன்னைப்பற்றி எழுதேல்லை எண்டு சொல்லுறியள். உங்கட கால்நோவை அவன் அங்கே இருந்தும் மறக்கேல்லை. தங்கச்சியின்ர படிப்பையும் மறக்கேல்லை. தன்ர கஷ்டத்தை எழுதினால் நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள் எண்டு அவனுக்குத் தெரியும்.”

அவர் கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, மீண்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வள்ளத்துக்கு நேரமாகிறது என்று புறப்பட்டார்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் இருக்கும் பழைய கடிதம் ஒன்றில் எது எழுதப்படவில்லை? ஏன்?

2. தூரதேசத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் தொலைபேசியில் “சுகமாய் இருக்கிறன்” என்று சொல்லும்போது, மேலும் ஒரு கேள்வி கேட்கிறோமா?

3. நமக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவனின் கடிதம் கையில் கிடைத்தால், அதை அவன் தாயிடம் சேர்ப்பிப்போமா?