கடலில்லாத ஊரில் கடற்படை விமான தளம்

கேள்வி: அரக்கோணத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே கடற்படைக்கு எதற்கு விமான தளம்? யார் யோசனை அது?

பதில்: முதல் யோசனை கடற்படையுடையது அல்ல, இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷாருடையது. 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ம் தேதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிய நாட்கள் அவை. கடற்கரையை விட்டு உள்ளே, அரக்கோணத்தில் பிரிட்டிஷார் ஓடுதளம் போட்டதில் கணக்கு இருந்தது என்பது என் கட்சி. துறைமுகத்தை ஒட்டிய எதுவும் கப்பல் பீரங்கிக்குத் தப்பாது என்பதை, 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கற்றுக்கொடுத்திருந்தது. அரக்கோணமோ சமதரை, பம்பாய், பெங்களூர், செங்கல்பட்டுப் பாதைகள் கூடும் ஜங்ஷன். பெட்ரோல் பீப்பாயும் வெடிகுண்டும் ரயிலிலேயே வந்து இறங்கும். 'கப்பலிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு 70 கிலோமீட்டர் ஒரு தூரமா?' என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் கரையில் ஆள் பார்த்துச் சொல்லிவிட்டால், மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வருகிற விமானம் அரக்கோணத்தை எட்ட 14 நிமிடம் ஆகும். சண்டை விமானங்களை மேலே கிளப்ப அந்த அவகாசம் பெரிது.

சுதந்திர இந்தியாவின் கடற்படை பிறகு ஏன் அங்கே போனது? இருந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது என்பது பாதி உண்மை. 1992 மார்ச் 7-ம் தேதி குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன் அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தைத் தொடங்கிவைத்தார். அதில் குடியேறியது நீர்மூழ்கிகளைத் தேடும், சோவியத் தயாரிப்பான டுப்போலெவ்-142 விமானம். நான்கு என்ஜின், ஒவ்வொன்றின் மூக்கிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர், முழுச் சுமையோடு சுமார் 185 டன். அதற்குத் தகுந்தாற்போல ராஜாளியின் ஓடுதளம் ஏறக்குறைய 4 கி.மீ. நீளம். அத்தனை நீளத்துக்கு நேர்கோட்டில் காலி நிலம் சென்னைக் கடற்கரையோரம் எங்கே கிடைக்கும்? போதாக்குறைக்கு, உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். 2017-ல் அந்த விமானம் ஓய்வு பெற்றது. 2013-லேயே வந்துவிட்ட போயிங் பி-8ஐ இப்போது அந்த வேலையைப் பார்க்கிறது. ஒலி கேட்கும் மிதவைகளைக் கடலில் போட்டு நீர்மூழ்கியின் அரவத்தைப் பிடிக்கும். அதன் வாலில் நீண்டிருக்கும் கம்பு, நீர்மூழ்கியின் இரும்பு உடலால் பூமியின் காந்தப்புலம் பிசகுவதை உணரும். பல மணி நேரம் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிவரும் இதற்குக் கரை வரைக்குமான முதல் ஐந்தாறு நிமிடம் ஒரு பொருட்டே அல்ல.

'அப்படியானால் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில், கடலருகே ஐ.என்.எஸ். பருந்து எதற்கு?' என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே வேலை பாக் நீரிணையைக் கண்காணிப்பது. டோர்னியரும் ஹெலிகாப்டரும் போதும். பறக்கும் தூரம் குறையக் குறையத்தான் கரை முக்கியமாகிறது. உள்நாட்டில் இருப்பதன் இன்னொரு லாபத்தை 2015 டிசம்பர் காட்டியது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுதளத்தை நீட்டியிருந்த மீனம்பாக்கம் விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்களுக்கு ராஜாளிதான் கதவைத் திறந்தது.