முதிய வயதில் மார்பகப் புற்று

பாவில் முடிச்சு விழுந்தால் கண்ணால் காணுமுன்னரே விரல் நுனியால் அறிந்து கொள்வது நெசவுக் குடும்பத்துப் பெண்களின் வழக்கம். ஆயினும் தம் மார்பில் தோன்றும் கட்டியை மட்டும் வயதான தாய்மார்கள் மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றனர். வலி இல்லையே என்பது ஒரு காரணம், "இந்த வயதில் எனக்கென்ன வைத்தியம்?" என்பது மற்றொன்று. தறி ஒரு நாள் நின்றால் கூலி போகுமே என்று மகன் தயங்குவான். தாயும் அதற்கு இசைந்து விடுவாள்.

இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே தொடங்குவது. மாதவிடாய் நின்றதோடு இதன் அபாயம் நின்றுவிடுவதுமில்லை. ஆனால் முதியோருக்கு வரும் புற்றிற்கு ஒரு தனி இயல்புண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரைத் துணைக்கொண்டு வளர்பவை. இளம் பெண்களுக்கு வருவதைவிடப் பொதுவாக மெதுவாகப் பரவுபவை. ஆகவே, கட்டியை அறுத்தெடுத்த பின், டமாக்சிபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரையை நாள்தோறும் ஐந்தாண்டுகளேனும் உட்கொள்வது சிகிச்சையின் முக்கியப் பகுதியாகிறது.

அமெரிக்காவில் இவ்வகைச் சிறு கட்டியுடைய, 70 வயது நிரம்பிய 636 பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் பத்தாண்டு முடிவு 2013-ல் வெளியாயிற்று. அறுவைக்குப் பின் மாத்திரையுடன் கதிர்ச் சிகிச்சையும் பெற்றோருள் 98 சதவீதத்தினர்க்கும், மாத்திரை மட்டும் உண்டோருள் 90 சதவீதத்தினர்க்கும் அவ்விடத்தில் நோய் திரும்பவில்லை. ஆயுளில் வேற்றுமை காணப்படவில்லை. தொடக்கத்திலேயே வந்தால் சிகிச்சையும் எளிதாகலாம் என்பது இதன் பொருள்.

பின் ஏன் முதியோர் பலர் இந்நோயால் மடிகின்றனர்? காலங்கடந்து வருவதாலும், வயதைக் கருதி வீட்டாரே சிகிச்சையைக் குறைத்துக் கொள்வதாலுமேயாம். மருத்துவர் பார்ப்பது பிறந்த ஆண்டையன்று. இருதயமும் சிறுநீரகமும் எவ்வாறு உள்ளன, நடமாட்டம் எப்படி என்பனவற்றையே.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-ல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் ஏழைப் பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் ஈராண்டுக்கொரு முறை கையால் தடவிச் சோதித்தனர். இயந்திரம் ஏதுமில்லை. 2021-ல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டோருள் 50 வயது கடந்தவர்களிடம் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குட்பட்ட வயதினரிடம் அத்தகைய பலன் தெரியவில்லை. கைச் சோதனையின் நன்மை மூத்தவர்களுக்கே மிகுதி என்பதை மருமக்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் நெறி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. வேலப்பன்சாவடியினர் நெடுஞ்சாலை வழியே மேற்கே சென்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உண்டு. நகரத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் உண்டு. செல்லும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்க.