சேமிப்பே கூலி

மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த மண்டபங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெயில் மணலைச் சுடும் நண்பகலிலும் அவற்றினுள் நின்றால் உடல் குளிரும். கனத்த பாறை வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. அங்கு விசிறிக்கு வேலை இல்லை. ஆனால், செங்கல்பட்டு போன்ற மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலகங்களும் மருத்துவமனைகளும் அவ்வாறு இயங்க இயலுமா? விளக்கும் விசிறியும் குளிர்சாதனப் பொறியும் அவற்றிற்கு இன்றியமையாதன.

இவற்றை இயக்கும் மின்னாற்றல் எளிதில் கிடைப்பதன்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1984ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையத்தை எழுப்ப எத்துணை உழைப்பும் பொருளும் வேண்டியிருந்தன! ஆதலின், மின்சாரத்தை வீணாக்காமையும் ஒருவகை ஆக்கமே ஆகும்.

ஓர் அலுவலகத்தில் 100 பழைய குழல் விளக்குகளும் 100 பழைய விசிறிகளும் உள்ளன எனக் கொள்வோம். 55 வாட் கொள்ளும் விளக்கிற்கு மாற்றாக 20 வாட் எல்.இ.டி. விளக்கையும், 75 வாட் விசிறிக்கு மாற்றாக 30 வாட் விசிறியையும் அமைத்தால், மணிக்கு 8 யூனிட் மிச்சமாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டிற்கு 250 நாள் என்று கணக்கிட்டால் 16,000 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாயாயின், மிச்சம் 1,28,000 ரூபாய்.

நன்மை தெளிவு. ஆயினும், புதிய கருவிகளை வாங்க முதற்கண் பணம் வேண்டுமே! இத்தடையை நீக்கவே ஒரு வழி கண்டனர். ஒப்பந்தக்காரர் தம் பணத்தைக் கொண்டு கருவிகளை மாற்றுவார். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கைப் பெறுவார். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மிச்சம் முழுவதும் அலுவலகத்திற்கே உரியது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டில் பொதுத்துறை நிறுவனங்கள் நான்கு கூடி, ‘எனர்ஜி எஃபிசியன்சி சர்வீசஸ் லிமிடெட்’ என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தின. அது அரசுக் கட்டடங்கள் பலவற்றில் இத்தகைய பணியை மேற்கொண்டது.

இம்முறையின் உயிர்நாடி யாது? அளவே ஆகும். மாற்றத்திற்கு முன் எவ்வளவு செலவாயிற்று என்பதை முதலில் செம்மையாக அளந்து எழுதுதல் வேண்டும். முன்னைய செலவை மிகுத்துக் காட்டினால், இல்லாத மிச்சத்திற்கு மக்கள் பணம் போய்விடும். ஆளில்லா அறையில் விசிறியைச் சுழலவிட்டால், உழைத்த ஒப்பந்தக்காரர் கூலி இழப்பார். எனவே, இருவரையும் சாராத ஒருவர் அளந்து கூறுதலே முறை.

பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்த்தல் வேண்டும். மாமல்லபுரக் கடற்கரையில் வீசும் உப்புக் காற்று, குளிர்சாதனப் பொறியின் வெளிப்பகுதியை விரைவில் அரிக்கும். காலந்தோறும் துடைத்துக் காவாவிடின், புதிய பொறியும் பழைய பொறிபோல மின்சாரத்தை விழுங்கும். முதலாண்டில் கண்ட மிச்சம் பின்னர்த் தேய்ந்து மறையும்.

மாணவர்களே! அரசு செலுத்தும் மின்கட்டணம் நும் பெற்றோர் செலுத்தும் வரிப்பணமே. நும் பள்ளியின் மின் அளவியில் காணும் எண்ணை இன்று ஏட்டில் குறித்து வையுங்கள். ஒரு திங்கள் கழித்து மீண்டும் காணுங்கள். அளந்து அறிந்தவனே சேமிக்க வல்லவன்.